வெந்தயப் பூட்டு

டாக்டர் ஹமீதா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வியே எனக்கு எரிச்சலை மூட்டியது.

"நாகவேணி, உங்க மருந்து ஆலையை விட்டு வெளிய போகுதா?"

"லாரி லாரியாப் போகுது. விக்கத்தானே தயாரிக்கிறோம்."

"கிண்டல் வேண்டாம். நரசிம்மன்னு ஒரு ஆட்டோக்காரர். பட்டப்பகல்ல ஓட்டிக்கிட்டே தூங்கிப் பள்ளத்துல இறங்கிட்டார். கால் முறிஞ்சிருக்கு. குடிக்கிற ஆள் இல்லை. ரத்தத்தைப் பார்த்தா கிட்டத்தட்ட உங்க வலிப்பு மருந்து இருக்கு. அவருக்கு வலிப்பே கிடையாது."

"யாராவது மாத்திரையை மாத்திக் குடுத்திருப்பாங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அவர் சம்சாரம் ரத்தத்துலயும் இருக்கு. அவரைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா ரத்தத்துலயும் இருக்கு. எல்லாரும் தொட்டித் தெரு. அந்தம்மாவோட மருமக முழுகாம இருக்கா. இந்த மருந்து வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு அட்டையிலும் அதைச் சிவப்பு எழுத்தில் அச்சிட வைத்தவளே நான்தான்.

எங்கள் ஆலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் கோடை வந்தால் மாம்பழக் கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடும். தோலும் கொட்டையும் மலையாகக் குவியும். முன்பெல்லாம் அதைச் சாலையோரம் கொட்டிவிடுவார்கள், ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கும். இப்போது அதை நாங்கள் வாங்கி, காயவைத்து, அரைத்து, பெரிய தொட்டிகளில் ஈஸ்ட்டுக்குத் தீனியாகப் போடுகிறோம். சாதாரண ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் சாராயம் தரும். எங்கள் ஈஸ்ட்டின் மரபணுவில் கைவைத்திருக்கிறார்கள். அது மாந்தோலைத் தின்று வலிப்பு மருந்தைத் தரும். குப்பையிலிருந்து மருந்து என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். மருந்தின் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. எனக்குப் பொறுமை கிடையாது, யாரையும் நம்பும் வழக்கமும் கிடையாது. அந்த வேலைக்கு அது போதும்.

மேலாளர் ஜெயசீலனிடம் போய்ச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அதுவே எனக்கு ஆகாது.

"நம்ம ஈஸ்ட் வெளிய பிழைக்காதேம்மா. பூட்டுதான் போட்டிருக்கே?"

பூட்டு என்று அவர் சொன்னது இதை. எங்கள் ஈஸ்ட் உயிரோடிருக்க ஒரு குறிப்பிட்ட சத்து வேண்டும். காற்றில், மண்ணில், பழத்தில், அரிசியில் அது கிடையாது. தொட்டியில் நாங்கள் அளந்து போட்டால்தான் உண்டு. தப்பி வெளியே போகும் ஈஸ்ட் பட்டினியில் செத்துவிடும். தலைமை அலுவலக விஞ்ஞானிகள் ரொம்ப யோசித்து வைத்த ஏற்பாடு.

"பூட்டை யாரோ திறந்திருக்காங்க சார்."

"அப்ப நீங்களே போய்ப் பாருங்க. கிடைச்சா ஒரு சின்ன மாதிரி எனக்குக் கொண்டுவாங்க. மீதியை ஒரு சொட்டு விடாம அழிச்சிடுங்க. சத்தமில்லாம."

தொட்டித் தெருவில் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி கேட்டேன், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று. இட்லி, தோசை, இட்லி. மாவு யாரிடம்? எல்லம்மாவிடம். எல்லம்மா யார்? என் ஆலையில் தொட்டி கழுவும் பிரிவில் காலை ஷிப்டு பார்ப்பவள்!

மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் இரண்டு கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் ஒரு ஸ்கூட்டி, அதன் இரு பக்கமும் மாவுப் பாக்கெட் தொங்கவிடக் கொக்கிகள். எல்லம்மா முழங்கை வரை மாவாக எழுந்து நின்றாள்.

"மேடம்! நீங்களா? உக்காருங்க மேடம். சுகுணா, சேர் எடுத்தா."

அவள் மகள் நாற்காலி கொண்டுவந்தாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். நெற்றியில் பழைய தையல் தழும்பு ஒன்று, மோவாயில் ஒன்று. எதிலோ மோதி மோதி விழுந்த முகம்.

"மாவைக் கையாலதான் கலக்குறீங்களா எல்லம்மா?"

"கரண்டி போட்டா பொங்குமா மேடம்? கைச்சூடு வேணுமே. அதுவும் இந்தக் குளிருக்கு. நேத்து மாவுல ஒரு கரண்டி எடுத்து வெச்சுக்கினு புதுசுல உறையா ஊத்துவேன். அப்பத்தான் விடியறதுக்குள்ள பொங்கும்."

"என்னென்ன போடுறீங்க?"

"அரிசி, உளுந்து, ஒரு பிடி வெந்தயம்."

நான் எழுந்துவிட்டேன். வெந்தயம்! வேறெதிலும் கிடைக்காத அந்தச் சத்து வெந்தயத்தில் கொட்டிக் கிடக்கிறது. அதைப் பூட்டாகத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். காலையில் இட்லி தின்றுவிட்டு ஆய்வுக்கூடம் போனவர்கள். அரிசியைச் சோதித்தார்கள், கோதுமையைச் சோதித்தார்கள், ஊரில் உள்ள பழங்களை எல்லாம் சோதித்தார்கள். இட்லி மாவில் ஒரு பிடி வெந்தயம் விழும் என்பது ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை. யாரும் வீட்டில் மாவு அரைத்ததில்லை போலும். எனக்கும் தோன்றவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் களி தின்கிறவள்.

தொட்டி கழுவிய கையோடு ஈஸ்ட் இங்கே வந்திருக்கிறது. மாவில் விழுந்து வெந்தயத்தில் பிழைத்திருக்கிறது. நேற்றைய மாவு இன்றைக்கு உறை, இன்றைய மாவு நாளைக்கு உறை. இட்லி வேகும்போது ஈஸ்ட் செத்துவிடும், மருந்து சாகாது.

நான் சொல்லச் சொல்ல எல்லம்மாவின் முகம் வெளிறியது. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் பார்வை மகள் மேல் இருந்தது.

"அதான்... அதான் இவளுக்கு நின்னுச்சா மேடம்?"

"என்ன நின்னுச்சு?"

சுகுணாதான் பதில் சொன்னாள். "எனக்குச் சின்னதுல இருந்து வலிப்பு மேடம். போன மழைக்காலத்துல இருந்து ஒரு தடவைகூட வரல. எங்கம்மா முனியப்பனுக்குக் கிடா வெட்டுச்சு. வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். இப்ப மாவு போடுறதெல்லாம் நான்தான். தனியாப் போய்ட்டுத் தனியா வரேன்." தனியா என்ற சொல்லை அவள் சொன்னவிதம், மற்றவர்கள் வெளிநாடு என்று சொல்வதுபோல இருந்தது.

"முன்னாடி மாத்திரை சாப்பிடலையா?"

"உங்க கம்பெனி மாத்திரைதான். அதைத் தின்னா ஈறு வீங்கும், நாள் பூரா மந்தமா இருக்கும், அப்பவும் மாசம் ரெண்டு தடவை விழுவேன். இப்ப அப்படி இல்ல மேடம். மண்டை தெளிவா இருக்கு."

"மேடம்," எல்லம்மா என் கையைப் பிடித்தாள். மாவு என் முழங்கை வரை அப்பியது. "விக்கறதை நிறுத்திடறேன். எம் பொண்ணுக்கு மட்டும் ஒரு சின்னக் குண்டான்ல வெச்சுக்கறேன். உங்க கால்ல விழறேன்."

எனக்கு மனம் இளகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நரசிம்மனின் கால் இருந்தது. பக்கத்து வீட்டு மருமகள் இருந்தாள். ஒரு நாள் மாவில் எவ்வளவு மருந்து, மறுநாள் மாவில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அளவு தெரியாத மருந்து விஷம்தான் என்று நம்பியே இவ்வளவு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

"இதுல இருக்கிறதும் மாத்திரையில இருக்கிறதும் ஒண்ணுதான் எல்லம்மா. மாத்திரையில அளவு சரியா இருக்கும். ஆயுசு பூரா இலவசமா வாங்கித் தரேன். என் பேச்சை நம்புங்க."

நம்பினாள். மேடம் சொல்கிறாளே என்று நம்பினாள். ஒரு சிறு குப்பியில் மாதிரி எடுத்துக்கொண்டு மீதி மாவில் கொதிநீரை ஊற்றச் சொன்னேன். கிரைண்டர் கல்லைக்கூடக் கிருமிநாசினி போட்டுக் கழுவினோம்.

பிறகு வீடு வீடாகப் போனேன். எல்லம்மா மாவில் கிருமி, டாக்டர் சொல்லியனுப்பினார், எடுங்கள் என்றேன். பிரிட்ஜில் இருந்த கிண்ணங்கள் எல்லாம் வெளியே வந்தன. ஒரு அம்மாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் கல்லோடு தூக்கிக் குப்பையில் போட்டாள். மாலைக்குள் தொட்டித் தெருவில் ஒரு கரண்டி புளித்த மாவு மிச்சமில்லை. வேலையை இவ்வளவு சுத்தமாக முடித்ததற்காக ஜெயசீலன் என்னைப் பாராட்டினார். குப்பியை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.

சுகுணாவுக்கு மாத்திரையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரமே எல்லம்மா ஆலைக்கு வரவில்லை. விசாரித்தபோது சொன்னார்கள், பெண் அடுப்படியில் விழுந்துவிட்டாளாம். ஓடினேன். வலது கையில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். என் கண் முன்னாலேயே இன்னொரு முறை வந்தது. வலிப்பு மருந்தைத் தயாரித்தே நரைத்துப்போன நான், வலிப்பை அத்தனை அருகில் பார்த்தது அன்றுதான். எல்லம்மா மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை திட்டாமல், வாயோரம் துடைத்துக்கொண்டிருந்தாள். திட்டியிருக்கலாம்.

நேராக ஹமீதாவிடம் போனேன்.

"கிட்டத்தட்ட நம்ம மருந்துன்னு அன்னைக்குச் சொன்னீங்களே. அது என்ன கிட்டத்தட்ட?"

அவர் நரசிம்மனின் ரத்தப் பரிசோதனை வரைபடத்தை எடுத்துக் காட்டினார். எங்கள் மருந்து காட்டும் முகடு ஓரிடத்தில் வரும். இதில் அது நூலளவு தள்ளி இருந்தது. அவர் கருவியின் கோளாறு என்று நினைத்திருந்தார். கோளாறு இல்லை. அத்தனை மாதம் உறை மேல் உறையாக, மாவில் இருக்கும் மற்ற நுண்ணுயிர்களோடு வாழ்ந்து, எங்கள் ஈஸ்ட் கொஞ்சம் மாறியிருக்கிறது. அது தந்த மருந்தும் மாறியிருக்கிறது. ஈறு வீங்க வைக்காத, மந்தம் தராத, சுகுணாவை வண்டி ஓட்ட வைத்த மருந்து. உலகத்தில் எந்த ஆலையிலும் இல்லாததை நான் கொதிநீர் ஊற்றிக் கொன்றிருக்கிறேன்.

மறுபடியும் தொட்டித் தெரு, மறுபடியும் அதே கதவுகள். "கொஞ்சம் பழைய மாவு இருக்குமா? எல்லம்மாவோடது? ஒரு ஸ்பூன் போதும்." போன வாரம் கிருமி என்று மிரட்டியவள் இந்த வாரம் பிச்சை கேட்டால் யார் தருவார்கள்? "என்ன மேடம், சோதிச்சுப் பாக்கறீங்களா? சத்தியமா கொட்டிட்டோம்" என்று பிரிட்ஜைத் திறந்தே காட்டினார்கள். நரசிம்மன் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்தபடி, "அந்த மாவை இன்னுமா தேடறீங்க?" என்று கேட்டார். அவர் கால்கட்டைப் பார்த்தபடி அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன்.

அப்போதுதான் குப்பி நினைவு வந்தது. ஜெயசீலன் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தேன்.

"சார், அந்த மாதிரியை என்ன பண்ணீங்க?"

"பத்திரமா இருக்கு. உறைபெட்டியில, சீல் வெச்சு. சாவி என்கிட்ட." சிரித்தார். "உக்காருங்க. தலைமை அலுவலகத்துல ஒரே கொண்டாட்டம். புது மூலக்கூறு."

"அழிக்கச் சொல்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?"

"டாக்டரோட அறிக்கை எனக்கும் வந்துதேம்மா. முகடு தள்ளியிருக்கேன்னு ஒரு சந்தேகம். இருந்தா நம்மகிட்ட மட்டும் இருக்கணும் இல்லையா? தெருவுல எல்லார் வீட்டுப் பிரிட்ஜுலயும் இருந்தா அதுக்குக் காப்புரிமை எப்படி வாங்கறது?"

சத்தமில்லாம என்று அன்று சொன்னாரே, அதன் பொருள் இப்போதுதான் விளங்கியது. ஊர் பயப்படக் கூடாது என்பதற்காக அல்ல. என் கையாலேயே மொத்தத்தையும் துடைக்க வைத்துவிட்டு இந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையைத் தூக்கி எறிந்திருப்பேன். பிளாஸ்டிக் குவளை. எறிந்தும் பயனில்லை.

"அந்தப் பொண்ணு விழுந்துக்கிட்டிருக்கு சார்."

"தெரியும். அதுக்கும் வழி பண்ணியிருக்கேன். பழைய மருந்தோட வம்சம்தான்கிறதால சோதனைக்குச் சீக்கிரம் அனுமதி கிடைச்சிடும். இந்த ஊர்லயே பண்றோம், ஹமீதா டாக்டர் மேற்பார்வையில. அந்தப் பொண்ணையும் சேர்த்துக்கலாம்."

அதை நல்ல செய்தி என்று நினைத்துத்தான் எல்லம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். சோதனை எப்படி நடக்கும் என்று விளக்கினேன். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குப் புது மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று உலகம் ஒப்புக்கொள்ளும்.

எல்லம்மா முழுவதையும் கேட்டாள்.

"எங் கையால கலக்கின மாவு மேடம் அது. அதை எம் பொண்ணுக்கே சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் குடுப்பீங்களா?"

முறை சரியானது. அந்த முறை இல்லாவிட்டால் ஊரில் எவன் வேண்டுமானாலும் சாம்பலை மருந்து என்று விற்பான். ஆனால் அன்று அந்தக் கேள்விக்கு முன்னால் முறையைப் பற்றிப் பேசுவது எனக்கே அசிங்கமாகப் பட்டது. சுகுணாதான் "சேர்றேன் மேடம்" என்றாள்.

சோதனை அடுத்த கோடையில் தொடங்கியது. சுற்றுவட்டாரத்திலிருந்து முப்பதுக்கு மேல் ஆட்கள் சேர்ந்தார்கள். சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு வாரத்துக்கான மாத்திரையை வாங்கிப்போவார்கள். நானும் சனிக்கிழமைதோறும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பேன். சுகுணாவின் முகத்தில் புதுக்காயம் இருக்கிறதா என்று பார்ப்பேன். முதலில் ஒன்றிரண்டு இருந்தன. பிறகு குறைந்தன. அவளுக்கு மருந்துதான் விழுந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் கவனித்தேன், அவள் பக்கத்தில் உட்காரும் பர்கூர்ப் பையனுக்கும் குறைந்திருந்தது. அவனுக்கு அடுத்த கிழவருக்கும். எல்லாருக்கும்.

எனக்குள் ஏதோ நெருடியது. சுகுணாவைத் தனியே மரத்தடிக்குக் கூப்பிட்டேன்.

"உண்மையைச் சொல்லு. மாத்திரையை என்ன பண்றீங்க?"

அவள் முகத்தில் பயமே இல்லை. "திட்டக் கூடாது. வாங்கினதும் எல்லாரும் எங்க வீட்டுக்குப் போயிடுவோம். எல்லார் மாத்திரையையும் ஒண்ணாக் கொட்டி, மிக்ஸியில அரைச்சு, நல்லாக் கலந்து, சமமாப் பங்கு போட்டுக்கறோம். அம்மாதான் பங்கு வைக்கும். கை துல்லியமா இருக்கும்."

"அட பாவிகளா!"

"யாருக்கு வெறும் மாத்திரைன்னு தெரியல இல்லக்கா? ஒருத்தருக்கு முழுசும் ஒருத்தருக்கு ஒண்ணுமில்லாமலும் ஏன் போகணும்? பாதி கிடைச்சாலும் எல்லாருக்கும் கிடைக்குது." முதன்முறையாக மேடம் என்பதை விட்டிருந்தாள். அதை நான் திருத்தவில்லை.

"முட்டாளே, ரெண்டு கூட்டமும் ஒண்ணா இருந்தா மருந்து வேலை செய்யலேன்னுதான் கணக்கு வரும். எடுத்துக்கிட்டவங்களுக்கும் எடுத்துக்காதவங்களுக்கும் வித்தியாசமே இல்லைன்னு எழுதித் தூக்கிப் போட்டுடுவாங்க. உன்னை மாதிரி எத்தனையோ லட்சம் பேருக்கு இந்த மருந்து வராமலே போயிடும். புரியுதா?"

"அதை யோசிக்கல," என்றாள். பிறகு, "நிறுத்தச் சொன்னா நிறுத்திடறோம். ஆனா யாரை விழச் சொல்றதுன்னு நீங்களே வந்து சொல்லிடுங்க."

வராந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். பர்கூர்ப் பையன் கிழவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் போய்ச் சொல்லவில்லை. ஹமீதாவிடமும் சொல்லவில்லை, ஜெயசீலனிடமும் சொல்லவில்லை. சரியா தவறா என்று இரவெல்லாம் புரண்டேன், பல இரவுகள். எங்கோ முகம் தெரியாத ஊர்களில் அடுப்படியில் விழும் பெண்களை நினைத்துக்கொண்டுதான் புரண்டேன்.

மழைக்காலத்தில் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. தலைமை அலுவலகத்தின் கொண்டாட்டம் ஒரே நாளில் அடங்கியது. ஜெயசீலன் என் அறைக்கு வந்து உறைபெட்டியின் சாவியை மேசையில் போட்டார். முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"வெறும் இட்லி மாவுக்கு இவ்வளவு செலவு. மாதிரி மொத்தத்தையும் அழிச்சிட்டு எனக்குச் சொல்லுங்க. இந்தப் பேச்சே இனி வேண்டாம்."

பெட்டியைத் திறந்தேன். அந்த ஒரு மாதிரியைப் பெருக்கி உறைய வைத்திருந்த குப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஒன்று நீங்கலாக எல்லாவற்றையும் நீராவி அடுப்பில் போட்டேன். அந்த ஒன்றை வாட்டர் பாட்டிலுக்குள் போட்டு மூடிக்கொண்டு ஆலையைவிட்டு வெளியே நடந்தேன். காவலாளி சலாம் வைத்தார். இத்தனை வருடத்தில் ஒரு பேனாவைக்கூட நான் வெளியே கொண்டுபோனதில்லை.

வழியிலேயே ஹமீதாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தித் தீர்த்தார். கடைசியில், "வாரா வாரம் சோதனையில சேர்ந்த எல்லார் ரத்தத்தையும் நான் பார்ப்பேன். வலிப்பு இல்லாத ஒருத்தர் வாயில இது பட்டதுன்னா உங்களையும் எல்லம்மாவையும் நானே போலீஸ்ல பிடிச்சுக் குடுப்பேன்" என்றார். சரி என்றேன். அவர் செய்யக் கூடியவர்தான்.

எல்லம்மா வீட்டில் நான் குப்பியை நீட்டியதும் அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். சுகுணா கிரைண்டர் சுவிட்சைப் போட்டாள். கல் சுற்றத் தொடங்கியபோது என் தொலைபேசி அடித்தது. ஜெயசீலன்.

"அழிச்சாச்சாம்மா?"

"அழிச்சாச்சு சார்."

"பின்னாடி என்ன சத்தம்?"

"கிரைண்டர் சார். நாளைக்கு இட்லிக்கு."